இடது பக்கச் சுவர்

கிளைவ் ஹாக்கெட் எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் தச்சர். கதவு இறங்கிவிட்டால், ஜன்னல் சிக்கிக்கொண்டால், மேசைக்கால் ஆடினால் அவருடைய பிக்கப் வண்டி வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். வகுப்பு நடக்கும்போது உள்ளே வரமாட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடிய பிறகுதான் வேலையைத் தொடங்குவார். வேலை முடிந்ததும் உடனே கிளம்பிவிட மாட்டார். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் போவார். பதிமூன்று வயதில் பள்ளியை விட்டவர் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரியவந்தது.

அவருக்கும் அவர் மனைவி பெரிலுக்கும் ஒரே பிள்ளை, கோலீன். அவள் டீச்சராக வேண்டும் என்பது கிளைவின் ஆசை. அவள் பிறந்த வாரமே அதை முடிவு செய்துவிட்டதாக பெரில் சொல்வாள். "தொட்டில்ல கெடக்கறவள மிஸ் ஹாக்கெட்டுன்னு கூப்பிடுவார். நான் சிரிச்சா கோவம் வரும்."

நான் ஜூடித் லார்க்கின். அந்தப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தினேன். இந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

1973 ஜனவரியில், மெல்போர்னுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் கோடைக்காலமான அந்த மாதத்து விடுமுறையின் நடுவில், எங்கள் பள்ளியின் உட்சுவர்களை எடுத்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வரிசையாக நான்கு வகுப்பறைகள், நடுவில் மூன்று சுவர்கள். அந்த மூன்றும் போனால் நான்கு அறைகளும் ஒரே கூடமாகிவிடும். நான்கு ஆசிரியர்களும் நூற்று இருபது பிள்ளைகளும் ஒன்றாக இருப்பார்கள், வரிசையாக மேசை கிடையாது, யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த மூலையில் உட்கார்ந்து தங்கள் வேகத்தில் படிப்பார்கள். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கல்லூரியில் இதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். உத்தரவு வந்தபோது எங்கள் பள்ளியில் அதிகம் மகிழ்ந்தவள் நான்தான்.

விடுமுறை என்றாலும் வேலையைப் பார்க்கப் போனேன். பாலைவனத்திலிருந்து வரும் வடக்குக் காற்று அனலாக அடித்த நாள். கிளைவும் அவருடைய கூட்டாளி ரெஜும் முதல் சுவரின் முன்னால் நின்றிருந்தார்கள். கிளைவின் கையில் கடப்பாரை இருந்தது. ஆனால் இன்னும் தொடங்கவில்லை.

"மிஸ் லார்க்கின், மூணும் போகணுமா? நிச்சயமாத்தானா?" என்று கேட்டார்.

"மூணும்தான், கிளைவ். பிள்ளைங்க அடைஞ்சு கெடக்கக் கூடாது."

"நல்ல சுவருங்க இது. அந்தக் காலத்து வேலை. சாந்துல குதிரை முடி கலந்து பூசியிருக்கான். இந்தப் பக்கம் தொண்ட கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கம் போகாது."

ரெஜ் பெட்டிமேல் உட்கார்ந்து புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "சுவர எடுத்துட்டா பசங்க எதுல சாஞ்சு தூங்குவாங்க? நானெல்லாம் சுவத்துல சாஞ்சேதான் எட்டாவது முடிச்சேன்."

"நீ எங்கடா எட்டாவது முடிச்ச? ஆறுலயே உன்னத் துரத்திட்டாங்க."

"ஆறு வரைக்கும் நல்லாத் தூங்கினேன்ல."

கிளைவ் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரி. நீங்க படிச்சவங்க. தெரியாமலா சொல்வீங்க," என்று கடப்பாரையை ஓங்கினார்.

இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. தரை முழுக்க ஆரஞ்சு நிறக் கம்பளம் விரித்தோம். பிப்ரவரியில் பிள்ளைகள் வந்தபோது கோலீன் ஹாக்கெட் மூன்றாம் வகுப்பு. முதல் நாள் காலையில் கூடத்தின் நடுவில் நின்று கையை விரித்துக்காட்டி, "எல்லாத்தையும் எங்க அப்பாதான் இடிச்சாரு," என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கூடத்தில் மலர்ந்த பிள்ளைகள் உண்டு. வரிசையில் உட்கார்ந்து வாய் திறக்காதிருந்த சிலர் அங்கே பேசினார்கள், ஓடினார்கள், ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மெல்போர்னிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு படத்தில் நான் தரையில் மண்டியிட்டு ஒரு பையனோடு சிரித்துக்கொண்டிருப்பேன். அதைச் சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

சத்தம் இருந்தது. ஒரு மூலையில் பாட்டு, இன்னொரு மூலையில் வாய்ப்பாடு, நடுவில் மரக்கட்டைகள் சரியும் ஓசை. நாங்கள் குரலை உயர்த்தினோம். பக்கத்து ஆசிரியரும் உயர்த்தினார். சாயங்காலம் தொண்டை கட்டியிருக்கும். பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டோம். பெரும்பாலும் பழகியும்விட்டார்கள்.

கோலீன் பழகவில்லை. இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படித்த பெண் என்று அவளுடைய பழைய ஆசிரியை சொல்லியிருந்தார். என்னிடம் வந்த ஆறே மாதத்தில் கடைசிக் கூட்டத்தில் இருந்தாள். ஒன்று சொன்னால் வேறொன்று செய்வாள். புத்தகத்தை எடு என்றால் பக்கத்தில் இருப்பவள் என்ன எடுக்கிறாள் என்று பார்த்துவிட்டு எடுப்பாள். பல நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைச் சுற்றுமுற்றும் திருப்பி, எல்லோரும் சிரித்த பிறகு என்னைக் கண்டுபிடிப்பாள். நான் அதை விளையாட்டுத்தனம் என்று நினைத்தேன். அவளுடைய மதிப்பெண் அட்டையில் என் கையாலேயே எழுதினேன்: "புத்திசாலி. ஆனால் கவனிப்பதில்லை. பகல் கனவு காண்கிறாள்." அடுத்த வருஷமும் ஏறக்குறைய அதையே எழுதினேன். மற்ற ஆசிரியர்களும் அதைப் பார்த்து எழுதினார்கள்.

பெற்றோரைச் சந்திக்கும் மாலையில் கிளைவ் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குட்டை நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அட்டையை இரண்டு முறை படித்தார்.

"வீட்டுல இப்படி இல்லையே, மிஸ். சாப்பாட்டு மேசையில நான் எதிர உக்காந்து கேட்டா எல்லாம் சொல்றா. வாய்ப்பாடு, ஸ்பெல்லிங்கு, எல்லாம். வண்டியில கூட்டிட்டுப் போறப்ப வழியெல்லாம் பேசிட்டே வருவா."

"அதான் கிளைவ் பிரச்சனை. முடியாத பொண்ணு இல்ல. மனசு வச்சா முடியும். இங்க மனசு வைக்க மாட்டேங்குறா," என்றேன்.

அவர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் முடிகிறது, பள்ளியில் முடியவில்லை. அப்படியானால் வேண்டுமென்றேதான் செய்கிறாள். நான் போட்ட கணக்கு அதுதான். அன்றிலிருந்து அவரும் அதையே போட்டார்.

கோலீன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது ஒருநாள் ஜன்னல் கண்ணாடி மாற்ற கிளைவ் வந்திருந்தார். உடைந்த கண்ணாடி பிள்ளைகள் கையைக் கிழித்துவிடும் என்பதால் அன்று மட்டும் வகுப்பு நடக்கும்போதே உள்ளே வந்து வேலை செய்தார். நான் எல்லோரையும் எழுந்து வரிசையாக நிற்கச் சொன்னேன். மற்ற எல்லோரும் எழுந்தார்கள். கோலீன் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, அவசரமாக எழுந்து, தப்பான வரிசையில் போய் நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். கிளைவ் ஏணியில் நின்று அதைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று.

அன்று மாலை வீட்டில் நடந்ததைப் பல வருஷம் கழித்து பெரில் சொன்னாள்.

"எல்லாரும் எந்திரிச்சாங்க. நீ மட்டும் ஏன் உக்காந்திருந்த?"

"கேக்கல அப்பா."

"அத்தன பேருக்கும் கேட்டுச்சு. உனக்கு மட்டும் கேக்கலையா?"

"கேக்கல."

"கேக்க மாட்டேன்னு சொல்லு."

அந்தப் பருவம் முழுக்க சனிக்கிழமை வலைப்பந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். அவள் அந்த விளையாட்டில் கெட்டிக்காரி. சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, அழாமல், தன் அறைக்குப் போனாளாம். 'கேக்கல' என்று அந்தப் பெண் சொல்லாத நாள் இல்லை. என்னிடம் சொன்னாள், அப்பாவிடம் சொன்னாள். நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தோம்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது அவளைக் கடைசிப் பிரிவில் போட்டார்கள். பதினைந்து வயது முடிந்த அன்றே நின்றுவிட்டாள். கிளைவ் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. பேசியபோது, "டின் ஆலையில கேட்டிருக்கேன். பீச் சீசனுக்கு ஆள் எடுக்கறாங்க," என்று மட்டும் சொன்னார். ஊரில் பாதிப் பேர் பீச் பழத்தை டின்னில் அடைக்கும் அந்த ஆலையில்தான் வேலை செய்தார்கள். அவளும் போனாள். பழங்கள் ஓடிவரும் பட்டையின் பக்கத்தில் நின்று அழுகிய பழத்தைப் பொறுக்கி எடுக்கும் வேலை. ஐந்து வருஷம் அதைச் செய்தாள்.

1984இல் ஆலைச் சத்தம் தொழிலாளர்களின் காதைக் கெடுக்கிறதா என்று சோதிக்க ஒரு வண்டி வந்தது. வண்டிக்குள் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. காதில் மாட்டிக்கொள்ள ஒன்று தருவார்கள், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கோலீன் வலது காதுக்குச் சரியாக அழுத்தினாள். பிறகு ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றப் போனாள். சோதிக்கும் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

"இடது காது எத்தன நாளா இப்படி இருக்கு?"

"எப்படி?"

"இந்தக் காதுல உங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. ஒண்ணுமே. தெரியாதா?"

"எல்லாருக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் கம்மிதானே?" என்று கேட்டாளாம் கோலீன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் பழைய கதையெல்லாம் விசாரித்தார். ஆறு வயதில், முதல் வகுப்புக் குளிர்காலத்தில், அவளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருந்தது. கன்னம் இரண்டும் வீங்கி இரண்டு வாரம் படுத்திருந்தாள். அந்தக் காய்ச்சலில்தான் இடது காது போயிருக்க வேண்டும் என்றார். பள்ளியில் காது பார்க்கும் நர்ஸ் அதற்கு முந்தின வருஷமே வந்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள். இந்தக் காதுக்குக் கருவி வைத்தாலும் பயனில்லை என்றார் டாக்டர். ஒரு காது நன்றாக இருப்பதால் அமைதியான இடத்தில், எதிரே ஒருவர் பேசினால், எந்தக் குறையும் தெரியாது. கூட்டத்தில், பல பக்கமும் பேச்சு நடக்கும் இடத்தில்தான் சத்தம் எங்கிருந்து வருகிறது, யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கும்.

அதைக் கேட்டுவிட்டு வந்த மாலையில் பெரில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சமைத்திருந்தாள். கோலீன் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவளுக்கு அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. கிளைவ் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டாம் கிளாஸ்ல நல்லாத்தானேம்மா படிச்ச?" என்றார்.

"ரெண்டாம் கிளாஸ்ல கேட்டுச்சு அப்பா. எனக்கு இடது பக்கச் சுவரோரமா எடம். சுவத்துப் பக்கத்துலருந்து ஒரு சத்தமும் வராது. டீச்சர் இந்தப் பக்கம். ஒரே குரல்தான். எல்லாம் புரிஞ்சுது." உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே சொன்னாளாம். "அப்புறம்தான் ஒண்ணும் புரியல."

வண்டியில் எப்போதும் அவர் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார், அவள் இடது பக்கம் உட்கார்ந்திருப்பாள். நல்ல காது அவர் பக்கம். சாப்பாட்டு மேசையில் எதிர் எதிரே. பதிமூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். கிளைவ் எழுந்து பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். பெரில் தட்டை மூடிவைத்தாள். அவர் சாப்பிட வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கிளைவ் கூடத்துக்குள் வந்தார். எந்த வேலையும் இருக்கவில்லை, கையில் கருவி எதுவும் இல்லை. வகுப்பு நடக்கும்போது வேலையில்லாமல் வாசலைத் தாண்டாத மனிதர், நேராகப் பிள்ளைகளுக்கு நடுவில் வந்து கம்பளத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவருடைய இடது காதில் பஞ்சு அடைத்திருந்தது. அதற்குமேல் மெழுகு வைத்து மூடியிருந்தார். எனக்கு எதுவும் தெரியாது. ஏதோ காதுவலி என்று நினைத்தேன். பாடத்தை நிறுத்தவில்லை. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மணி அடித்துக் கூடம் காலியானதும் கேட்டார். "மிஸ் லார்க்கின், என்ன பாடம் நடத்தினீங்க?"

"மர்ரே நதி. ஏன் கிளைவ்?"

"நதியா." பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "எனக்கு எதுவும் பிடிபடல. அந்தப் பக்கம் பாடறாங்க, இந்தப் பக்கம் எண்றாங்க, உங்க வாய் மட்டும் அசையுது. என் வயசு ஆளுக்கே இப்படின்னா." அதற்குப் பிறகு கோலீனின் காதைப் பற்றிச் சொன்னார். மெதுவாக, ஒவ்வொன்றாக, மரம் அளப்பது போலச் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் தலையாட்டினார். "உங்களச் சொல்ல வரல. நீங்க எழுதினீங்க. இடிச்சது நான். அவ சுவத்த நான்தான் இடிச்சேன்."

"உங்களுக்குத் தெரியாதே கிளைவ்."

"தெரியாதுதான். ஆனா கேக்கலன்னு அவ சொன்னாள்ல? வாயத் தொறந்து சொன்னா. நான்தான் அவளத் திட்டினேன்."

அன்று சாயங்காலம் சுவரில் மாட்டியிருந்த என் படத்தைக் கழற்றி அலமாரியில் போட்டேன்.

அதற்குள் மற்ற ஊர்களிலும் கூடங்களின் சத்தம் பற்றிப் புகார் வந்திருந்தது. அங்கங்கே அலமாரிகளை வரிசையாக நிறுத்திப் பொய்ச்சுவர் செய்துகொண்டிருந்தார்கள். 1986 ஜனவரியில் எங்களுக்கும் உத்தரவு வந்தது, பழைய இடத்திலேயே சுவர் எழுப்பச் சொல்லி. வேலை கிளைவுக்குத்தான் வந்தது. ரெஜ் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் வேடிக்கை பார்க்க வந்தார்.

"பதிமூணு வருஷம் முன்னாடி என் பேச்சக் கேட்டிருந்தா இந்த வேலையே மிச்சம்," என்றார்.

கிளைவ் அளவுநாடாவை விரித்துத் தரையில் குறி போட்டார். ரெஜ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வரைபடத்தில் ஒற்றை மரச்சட்டமும் இரண்டு பக்கமும் மெல்லிய பலகையும்தான் போட்டிருந்தது. கிளைவ் இரட்டைச் சட்டம் அடித்தார். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அதைக் கம்பளிப் பஞ்சால் நெருக்கமாக அடைத்தார். பலகையை இரண்டு அடுக்காக வைத்தார். எங்கிருந்து அந்த மரமும் பஞ்சும் வந்தன என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "வேற வேலையில மிச்சமானது," என்றார். அவருடைய வீட்டுப் பின்புறம் படகு செய்வதற்காகப் பல வருஷம் சேர்த்து வைத்திருந்த மரம் அது என்று பெரில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பறை முடிந்த அன்று என்னை ஒரு பக்கம் நிறுத்தி, தான் மறுபக்கம் போய், உரக்கக் கூப்பிட்டார்.

"கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. அவர் வாசலைச் சுற்றிக்கொண்டு வந்து, நான் ஏதும் சொல்வதற்கு முன்பே, "கேக்கலல்ல?" என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

வேலை முடிந்த சனிக்கிழமை கோலீனை அழைத்துக்கொண்டு வந்தார். அவளுக்கு அப்போது இருபத்தொன்று. இடது பக்கச் சுவரோரமாக ஒரு மேசையும் நாற்காலியும் போட்டிருந்தார். அவள் உட்கார்ந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது. நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஏதாவது பேசுங்க மிஸ்," என்றாள்.

"கோலீன், உன்கிட்ட நான்..."

"நல்லாக் கேக்குது," என்று சொல்லி எழுந்துவிட்டாள். "நல்லா செஞ்சிருக்கீங்க அப்பா." அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வருஷம் நான் அவளைக் கட்டாயப்படுத்தி மாலை வகுப்புக்கு வரவைத்தேன். பெரியவர்களுக்கான வகுப்பு, ஆறே பேர், அதே அறை. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம், பிறகு மேலே படிக்கலாம் என்று சொன்னேன். மூன்று வாரம் வந்தாள். கெட்டிக்காரி. நான் ஒருமுறை சொன்னதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்காம் வாரம் வரவில்லை. ஆலை வாசலில் போய்ப் பார்த்தேன்.

"ஏம்மா நின்னுட்ட?"

"கேக்குது மிஸ். எல்லாம் கேக்குது. ஆனா நீங்க ஒரு கேள்வி கேட்டா, தப்பாச் சொல்லிடுவேன், எல்லாரும் சிரிப்பாங்கன்னு உடம்பு நடுங்குது. யாரும் சிரிக்கல. தெரியும். ஆனா நடுங்குது." கையுறையைக் கழற்றி இடுப்புத் துணியில் செருகினாள். "பன்னெண்டு வருஷம் முட்டாள்னு நெனச்சுட்டே இருந்துட்டேன். இப்ப மாத்திக்க வரல. விட்டுடுங்க."

விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும். வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் தோன்றும்.

கிளைவ் ஓய்வு பெறும் வயதாவதற்கு முன்பே வேலையை விட்டார். படகு செய்யவில்லை. 1993இல் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. வாரம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவரால் வண்டி ஓட்ட முடியாது. கோலீன் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், பெரில் பின்னால். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

பெரில் அதை என்னிடம் சொன்னது அவர் இறந்த பிறகுதான். "கடைசி ரெண்டு மாசம் வண்டியில பேசிட்டே வருவாரு ஜூடித். வாழ்க்கையில அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. அந்த வலைப்பந்து பத்தி. ரெண்டு மாசம் பேசாம இருந்தது பத்தி. உன் பேச்ச நம்பியிருக்கணும்மான்னு சொன்னாரு. அவ ரோட்டப் பாத்துட்டு ஓட்டிட்டே இருப்பா. அவ ஓட்டறப்ப அவரு அவளோட இடது பக்கம்ல. எஞ்சின் சத்தம் வேற. அவளுக்கு ஒரு வார்த்தை கூடப் போயிருக்காது."

"அவருக்கு அது தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் பேசினாரு."

"நீங்க கோலீன்கிட்ட சொல்லலையா?"

"ஒருநாள் சொல்ல வாயத் தொறந்தேன். 'வேணாம்மா, என்ன பேசினாருன்னு எனக்குத் தெரியும்'னா. எப்படித் தெரியும்னு நான் கேக்கல."

கோலீன் ஆலையில் படிப்படியாக உயர்ந்து ஒரு பட்டைக்கு மேற்பார்வையாளர் ஆனாள். கல்யாணம் செய்துகொண்டாள், அது நிலைக்கவில்லை. ஒரு மகள், டெஸ். தாமதமாகப் பிறந்தவள். டெஸ்ஸுக்குக் காதில் குறை எதுவும் கிடையாது. இருந்தும் வருஷத்துக்கு ஒருமுறை கோலீன் அவளைச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

நான் ஓய்வு பெற்று நான்கு வருஷம் கழித்து, 2010இல், பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டப் போகிறோம் என்று பெற்றோரை அழைத்தார்கள். டெஸ் அப்போது இரண்டாம் வகுப்பு. கோலீன் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். திரையில் படம் காட்டினார்கள். பெரிய, வெளிச்சமான கூடம். உருண்டை மெத்தைகள், சக்கரம் வைத்த மேசைகள். உட்சுவர் ஒன்றுகூட இல்லை. கட்டட வரைவாளர் இளைஞர், நல்ல பிள்ளை, மனதாரப் பேசினார். அடைந்துகிடக்கும் வகுப்பறைகளின் காலம் முடிந்துவிட்டது என்றார். என்னுடைய இருபத்து நான்கு வயதுக் குரலை நான் அங்கே கேட்டேன். பழைய வரிசைக் கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் இது வரும்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். கோலீன் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததேயில்லை. முன்னால் இருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு காது கேக்காத பிள்ளை இதுல எங்க உக்காரும்?"

அந்த இளைஞர் சிரித்த முகத்தோடு சொன்னார். "அதுதாங்க இதோட நல்லதே. எங்க வேணும்னாலும் உக்காரலாம்."

கோலீன் மறுபடி கேட்பாள் என்று நினைத்தேன், உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து பேசினேன், 1973ஐப் பற்றிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். இப்போது சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் வந்துவிட்டன, எல்லாம் கவனத்தில் கொண்டிருக்கிறோம் என்று பதில் சொன்னார்கள். பிறகு தேநீரும் லாமிங்டன் கேக்கும் கொடுத்தார்கள்.

மார்ச்சில் பழைய கட்டடத்தை இடித்தார்கள். மஞ்சள் இயந்திரம் ஒன்று அரை நாளில் முடித்துவிட்டது. உட்சுவர்களில் மட்டும் கொஞ்சம் திணறியதாம். உள்ளே யாரோ தேவையில்லாமல் இரட்டைச் சட்டம் அடித்துப் பஞ்சு அடைத்திருக்கிறார்கள் என்று இயந்திரம் ஓட்டியவர் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். கோலீன் அன்று ஆலையில் இரண்டாம் ஷிப்டில் இருந்தாள். பார்க்க வரவில்லை.

அடுத்த வாரம் டெஸ்ஸை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னப் பள்ளிக்கு மாற்றினாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு அறைகள். தினமும் போக வர நாற்பது கிலோமீட்டர். டெஸ்ஸுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்போது எதற்கு இந்த அலைச்சல் என்று நான் கேட்டேன்.

"தெரியல மிஸ்," என்றாள். "அங்க அவளுக்குன்னு ஒரு எடம் இருக்கு."